எங்கள் வீட்டுத் தெத்துப்பல்

1

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முன்பல் உடைந்தது. காரணம் ஒரு துண்டுக் கித்துள் மரத்துக் கருப்பட்டி. இலங்கைக்குப் போய்த் திரும்பிய தெரிந்தவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார், எங்கள் ஊர் மஸ்கெலியா பஜாரில் வாங்கியதாம். அதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே பாலில்லாமல் சாயத்தண்ணி ஊற்றி, கருப்பட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒரு கடி ஒரு மிடறு என்று ஆரம்பித்தேன். இரண்டாவது கடியில் கடக்கென்று ஒரு சத்தம். கருப்பட்டிதான் உடைந்தது என்று நினைத்து மென்றுகொண்டிருந்தேன். நான் மென்றது என் பல்லை.

இங்கிலாந்துக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. குளிருக்குப் பழகிவிட்டேன், பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கப் பழகிவிட்டேன், 'மன்னிக்கவும்' என்று ஒன்றுமில்லாததற்கெல்லாம் சொல்லப் பழகிவிட்டேன். தேத்தண்ணிக்குள் சீனி போட்டுக் கலக்கிக் குடிக்க மட்டும் பழகவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் கலக்க மாட்டார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடும் முன் ஒரு கோப்பை, மலையில் கொழுந்து எடுக்கும்போது போத்தலில் கொண்டுபோனது, பின்னேரம் வந்து ஒன்று. எல்லாவற்றுக்கும் உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, அதை நாக்கால் தொட்டுத் தொட்டு. சீனி நாள் முழுக்கப் பல்லிலேயே குடியிருக்கும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முன்பல்லே முதலில் சொத்தையாகும் காரணம் இதுதான் என்று எனக்கு இந்த வயதில்தான் ஒருவர் சொன்னார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"உதைக் கடிக்க வேண்டாமெண்டு நான் சொன்னனான் எல்லோ" என்றார் என் வீட்டுக்காரர். அவர் யாழ்ப்பாணத்தார். எதையும் முன்கூட்டியே சொன்னவர். அவருடைய தமிழுக்கும் என் தமிழுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எங்கள் மகள் திவ்யா இரண்டையும் விட்டுவிட்டு இங்கிலீஷில் போய்க் குடியேறிவிட்டாள். அன்றைக்கு அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து என் வாயைப் பார்த்து, "அம்மா, ஓ மை காட்" என்றாள். அது எந்தத் தமிழிலும் புரியும்.

2

இங்கே பல் டாக்டரைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அரசாங்கச் செலவில் பார்க்கும் இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் எடுத்தேன். புதிய ஆட்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். ஓரிடத்தில் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போடலாம், ஆனால் அந்தப் பட்டியலில் சேர்வதற்கே காத்திருக்க வேண்டும் என்றார்கள். நான் சிரித்தேன். போனில் பேசிய பெண் சிரிக்கவில்லை. கடைசியில் காசு கொடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

போகிற அன்றைக்கு என் கைப்பையில் ஒரு பழைய துவாயை மடித்து வைத்துக்கொண்டேன். ஏன் வைத்தேன் என்று யோசிக்கக்கூட இல்லை, கை தானாக எடுத்து வைத்தது. எங்கள் தோட்டத்தில் 'பல்லுக்குப் போறேன்' என்றால் பிடுங்கப் போகிறேன் என்றுதான் அர்த்தம். வேறொன்றுக்காகப் பல் டாக்டரிடம் போவதை நான் கண்டதில்லை. முதலில் கிராம்பு, பிறகு உப்புத் தண்ணீர், பிறகு இரண்டு மாத்திரை, அதற்குப் பிறகு துவாயை எடுத்துக்கொண்டு போவது. வரும்போது அந்தத் துவாயை வாயில் பொத்திக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறி வருவார்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டோம். துவாயைப் பார்த்தால் போதும்.

டாக்டர் ஒரு ருமேனியாக்காரி. என்னைப் போலவே பிழைக்க வந்தவள், என்னைவிட இருபது வயது இளையவள். நாற்காலியில் சாய்ந்ததும் நான் அவளிடம், பிடுங்கிவிடுங்கள், நான் தயார் என்றேன். மடியில் இருந்த துவாயைப் பார்த்து இது எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகமூடியைக் கீழே இறக்கினாள். எதற்குப் பிடுங்க வேண்டும், வேர் நன்றாக இருக்கிறதே என்றாள்.

இரண்டு முன்பல்லும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் சொத்தை. ஒன்று உடைந்துவிட்டது, மற்றது உடையக் காத்திருக்கிறது. சீனியை எப்படிச் சாப்பிடுகிறாய் என்று கேட்டவள் இவள்தான். உள்ளங்கையை விரித்துக் காட்டியதும், அதுதான் காரணம் என்றாள். பிறகு அவள் விளக்கினாள். சொத்தையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, பல்லின் நிறத்திலேயே இருக்கும் ஒரு பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு படைக்கும் நீல விளக்கைக் காட்டி இறுக வைத்து, முன்பு இருந்த மாதிரியே பல்லைக் கட்டி எழுப்பலாமாம். பழைய காலத்து ஈய நிற அடைப்பு மாதிரித் தெரியாதாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல வருஷம் நிற்கும், உடைந்தாலும் அதன்மேலேயே ஒட்டலாம் என்றாள்.

ஒரே ஒரு சிக்கல். ஒரு பல் கெட்டால் பக்கத்துப் பல்லைப் பார்த்து அதே மாதிரி வடிக்கலாம். எனக்கு இரண்டும் கெட்டுவிட்டது. நீ பல் தெரியச் சிரிக்கிற பழைய படம் ஒன்று கொண்டு வா, அதைப் பார்த்து வடிக்கிறேன் என்றாள். அன்றைக்குச் சொத்தையைச் சுத்தம் செய்து தற்காலிகமாக மூடிவிட்டு, மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை வரச் சொன்னாள். துவாயை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

3

படம் இல்லை.

கல்யாண ஆல்பம் முழுக்கத் தேடினேன். எல்லாவற்றிலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, யார் மீதோ கோபம் போல நிற்கிறேன். திவ்யா தன்னுடைய போனில் சின்ன வயதிலிருந்து எடுத்து வைத்திருந்ததையெல்லாம் ஒரு மணி நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்றில் நான் கேக் வெட்டுகிறேன், வாய் மூடியிருக்கிறது. ஒன்றில் அவள் பட்டம் வாங்குகிறாள், நான் பக்கத்தில் வாய்க்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். இன்னொன்றிலும் கை.

"அம்மா, ஒரு போட்டோவிலயும் உங்களுக்குப் பல் இல்ல" என்றாள்.

அவள் அதைச் சொன்ன விதத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது என் கை வாய்க்கு முன்னால் போனதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் லயத்தில் பொம்பிளைகள் எல்லோரும் இப்படித்தான் சிரிப்பார்கள். முந்தானையால், துவாயால், ஒன்றும் இல்லாவிட்டால் கையால். அடக்கம் என்று நினைத்துக்கொள்வீர்கள். அடக்கமும் இல்லை ஒன்றும் இல்லை, சொத்தைப் பல்தான். பெரியவர்களைப் பார்த்துப் பார்த்து, பல் நன்றாக இருந்த பிள்ளைகளும் அப்படியே பழகிவிடுவோம். என் அம்மாவும் அப்படித்தான். அம்மாவுக்கு முன்பல் ஒன்று மற்றதன் மேல் கொஞ்சம் சாய்ந்து ஏறியிருக்கும். தெத்துப்பல். அது எனக்கும் வந்தது, அக்காவுக்கும் வந்தது. அம்மா போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அம்மாவின் படம் என்று எங்களிடம் இருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்று மட்டும்தான். அதிலும் வாய் மூடித்தான்.

இதைத் திவ்யாவிடம் சொன்னேன். அவள் தன் பல்லை நாக்கால் தடவிப் பார்த்தாள். "எனக்கும் அப்படி இருந்ததுதானே, கம்பி போட முந்தி?" என்று கேட்டாள். இருந்தது. பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்குப் போனதும் கம்பி போட்டு நேராக்கிவிட்டோம். இங்கே எல்லாப் பிள்ளைகளும் போட்டார்கள், நாங்களும் போட்டோம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

"அது அம்மம்மாட பல் எண்டு யாரும் சொல்லேல்லையே" என்றாள். அப்பாவின் தமிழில் சொன்னாள். அதுவாவது வருகிறதே என்று இருந்தது எனக்கு. 

இப்படியாக, அந்தப் பல் இருக்கும் வாய் உலகத்தில் இன்னும் ஒன்றுதான் மிச்சம். அது மஸ்கெலியாப் பக்கத்தில், நாங்கள் பிறந்த அதே தோட்டத்தில், இன்றைக்கும் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் என் அக்கா புஷ்பத்தின் வாய்.

4

டாக்டரிடம் போக வேண்டிய வியாழக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அக்காவைக் கூப்பிட்டேன். அக்காவுக்கு என்னைவிட எட்டு வயது அதிகம். போனைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு பேசுவாள், நமக்குக் கூரைத் தகரமும் ஒரு மூக்கும்தான் தெரியும். நான் சுற்றி வளைக்காமல், அக்கா ஒன் பல்லைக் காட்டு, எனக்கு ஒரு படம் வேணும் என்றேன்.

"எடுக்கிறதுன்னா வெரசா எடுத்துக்க" என்றாள். "சனிக்கெழமை புடுங்கப் போறேன்."

 விசாரித்தேன். கொழும்பில் இருக்கும் அக்காவின் மகன் சுரேஷுக்குத் தை மாதம் கல்யாணம். அது எனக்குத் தெரியும். தெரியாதது, போன மாதம் பொண்ணு வீட்டார் வந்து போன கதை. அக்கா சொத்தைப் பல்லை மறைக்க அன்றைக்கு முழுவதும் வாயைத் திறக்கவே இல்லையாம். கேட்டதற்குத் தலையை ஆட்டி, முந்தானையைப் பொத்திக்கொண்டு, தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாளாம். அவர்கள் தங்கள் ஊர் றொசல்லைக்குத் திரும்பிப் போய், மாப்பிள்ளையோட அம்மாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை போல, மூஞ்சி கொடுத்துப் பேசவில்லை என்று சொன்னார்களாம். அந்தப் பொண்ணு அழுததாம். சுரேஷ் வந்து கேட்டிருக்கிறான்.

"அந்தப் புள்ளைய எனக்கு எவ்வளவு புடிச்சிருக்குன்னு எனக்குத்தான் தெரியும்" என்றாள் அக்கா. "கலியாணத்தன்னைக்கி நான் சிரிச்சி நிக்கணும், விஜி. முன்னால நாலையும் கழட்டிட்டு ஒரு செட்டு கட்டிக்கிறேன்."

நான் இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். சாயந்தரம் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொருவருடைய பல் செட்டையும் வாங்கிக் கழுவி, பெயர் ஒட்டிய கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைப்பது என் வேலை. அந்தக் கிண்ணங்களைத் தினமும் பார்க்கிறவள் நான். பல் எடுத்த உடனே கட்டுகிற செட்டு, முரசு, அதாவது ஈறு, வற்ற வற்ற ஆட ஆரம்பிக்கும். சாப்பிடும்போது கழன்று தட்டில் விழும். தன் பிறந்தநாள் சாப்பாட்டுக்கு வராமல் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அடைக்கலாம், பிடுங்க வேண்டாம், எனக்கு அதைத்தான் செய்யப் போகிறார்கள் என்றேன்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அடைத்தது நிற்காது, மேல் லயத்தில் ஒருத்தி அடைத்து ஒரே மாசத்தில் சோற்றோடு முழுங்கிவிட்டாள் என்றாள். அதோடு அடைக்கிறதென்றால் இரண்டு மூன்று தடவை ஹட்டன் டவுனுக்குப் போக வேண்டும், போகிற நாளெல்லாம் பேர் போய்விடும். தோட்டத்தில் வேலைக்குப் போனால்தான் அன்றைக்குப் பேர் விழும், பேர் விழுந்தால்தான் சம்பளம். பிடுங்கினால் சனிக்கிழமை ஒரு நாளோடு சரி.  அந்தக் காசை நான் அனுப்புகிறேன் என்றால் அக்காவுக்குக் கோபம் வரும். வந்தது.

"நீ அங்கேர்ந்து பேசுற" என்றாள்.

அது நியாயமான வார்த்தைதான். ஊரை விட்டு வந்த எல்லோருக்கும் ஒரு நாள் யாராவது இதைச் சொல்வார்கள்.  சரிக்கா, புடுங்கிக்க, ஆனா அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை காட்டு என்றேன். நம்ம அம்மா பல்லு மாதிரி எனக்குக் கட்டணும், அதைப் பார்க்க வேற எங்கேயும் ஒரு படம் இல்லை என்றேன்.

போன் கொஞ்ச நேரம் தகரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. பிறகு அக்காவின் முகம் முழுசாக வந்தது. கையை எடுத்தாள். நான் அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள், ஆனால் அக்காவின் பல்லை நேராகப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. நடுவில் கறுத்திருந்தது, ஓரம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. ஆனால் அந்தச் சாய்வு அப்படியே இருந்தது. ஒன்றின் மேல் ஒன்று, தோளில் சாய்ந்த மாதிரி. பக்கத்தில் இருந்த திவ்யா சட்டென்று படம் பிடித்துக்கொண்டாள்.

"அசிங்கமா இருக்கா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்ல பெரியம்மா" என்றாள் திவ்யா. அவள் பெரியம்மாவோடு அதற்கு முன்னால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினதில்லை.

5

அந்த வியாழக்கிழமை டாக்டர் என் அக்காவின் படத்தைப் பெரிதாக்கித் திரையில் வைத்துக்கொண்டு வேலை செய்தாள். ஊசி போட்டு மரக்க வைத்தாள். நிறம் பார்க்கச் சின்னச் சின்னப் பல்லாக அடுக்கியிருந்த ஒரு விசிறியை என் உதட்டோரம் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்து, இரண்டு நிறத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஆயுள் முழுக்கச் சாயத்தண்ணி குடித்த பல்லுக்குச் சுத்த வெள்ளை பொருந்தாது என்றாள். இரண்டு பல்லுக்கும் நடுவில் கண்ணாடித் தாள் போல ஒன்றைச் செருகினாள். பசையை வைப்பாள், வழிப்பாள், நீல விளக்கு, மறுபடி வைப்பாள். பல்லின் விளிம்பில் இருக்கும் மெல்லிய வரியைக்கூட விடவில்லை.

நடுவில் நிறுத்தி ஒன்று கேட்டாள். இப்போது கையோடு இந்தச் சாய்வையும் நேராக்கிவிடலாம், பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள், செய்யட்டுமா என்றாள். வாய் மரத்துப்போய் இருந்தது. நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். எங்கள் ஊர் ஆட்டம் அவளுக்கு ஆமாம் மாதிரித் தெரிந்துவிடப் போகிறது என்று பயந்து கையையும் சேர்த்து ஆட்டினேன். திரையில் இருந்த படத்தைக் காட்டினேன். அவள் புரிந்துகொண்டாள்.

முடிந்ததும் நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, இடிக்கிற இடத்தைத் தேய்த்துவிட்டு, கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். கண்ணாடிக்குள் என் அம்மா இருந்தாள். அழுதுவிட்டேன். டாக்டர் எனக்குக் கொடுக்கத் துடைக்கும் தாள் தேடினாள். நான் பைக்குள்ளிருந்து துவாயை எடுத்துத் துடைத்துக்கொண்டேன். இந்தத் தடவையும் கொண்டு போயிருந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்கா மலையிலிருந்து வந்து முகம் கழுவியிருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.  போனை நேராகப் பிடித்துச் சிரித்தேன், கையை மடியில் வைத்துக்கொண்டு.  அக்கா உள்ளே திரும்பித் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்க, எங்கம்மா வந்து நிக்கிறா" என்றாள்.

அதற்குப் பிறகு அக்கா கேட்டதெல்லாம் உழைக்கிறவளின் கேள்விகள். வலித்ததா? சோறு சாப்பிட்டாயா? முழுங்கவில்லையே? வெற்றிலை போடலாமா? கடைசியில் குரலைத் தாழ்த்தி, ஹட்டனில் இப்படிச் செய்வார்களா என்று கேட்டாள். செய்வார்கள் அக்கா, நம்ம ஊரிலும் எப்பவோ வந்துவிட்டது, நாமதான் துவாயோட போறோம் என்றேன்.

சனிக்கிழமை அக்கா ஹட்டனுக்குப் போனாள். பிடுங்கும் இடத்துக்கு இல்லை. அங்கே இருந்த டாக்டர் தம்பி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, பக்கத்துப் பல் ஒன்று காப்பாற்ற முடியாதது, அதை எடுத்துத்தான் ஆக வேண்டும், முன்னால் இரண்டையும் கட்டிவிடலாம் என்றாராம். மூன்று தடவை போக வேண்டியிருந்தது, பேர் போனது போனதுதான். இரண்டு தடவைக்குச் சுரேஷ் கொழும்பிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனான். எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்லிவிட முடியாது, சிரித்தால் ஓரத்தில் அந்த ஒரு சந்து தெரிகிறது. அதைக் கவனிப்பவர்கள் கவனிக்கட்டும் என்றாள் அக்கா.

6

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை, இல்லத்தில் ஆள் பற்றாக்குறை. கிடைக்கவில்லை என்று சொல்வது லேசாக இருக்கிறது. அந்த வாரம் முழுக்க எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, அதுதான் உண்மை.

கல்யாணத்துக்கு மறுநாள் சுரேஷ் படங்களை அனுப்பினான். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கோயிலில் அக்கா, வாயில் கை. தாலி கட்டும் நேரத்தில் அக்கா, வாயில் முந்தானை. சம்பந்தி அம்மாவோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறாள், மறுபடியும் கை. இதற்கா மூன்று தடவை ஹட்டனுக்குப் போனாள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. உடனே வீடியோவில் கூப்பிட்டேன். திவ்யாவும் மாடியிலிருந்து தன் போனில் சேர்ந்துகொண்டாள். இப்போதெல்லாம் பெரியம்மா என்றால் அவளாகவே வந்துவிடுகிறாள்.

நான் திட்ட ஆரம்பிக்கும் முன்னாலேயே அக்கா முந்திக்கொண்டாள்.

"என்னைய என்னா செய்யச் சொல்ற? பல்லு சொன்னபடி கேட்டுச்சு, கை கேக்கல" என்றாள்.

ஆனால் கடைசிப் படத்தைப் பார்த்தாயா என்று கேட்டாள். நான் அதுவரை பார்க்கவில்லை. பார்த்தேன். பொண்ணும் மாப்பிள்ளையும் லயத்து வாசலுக்கு வந்து நிற்கிறார்கள். அக்கா அவர்களுக்கு ஆரத்தி சுற்றுகிறாள். இரண்டு கையிலும் தட்டு. மூடுவதற்குக் கையில்லை. புது மருமகள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சாய்ந்த பல், அதற்குப் பக்கத்தில் அந்தச் சந்து, எல்லாம் தெரிகிறது. எங்கள் குடும்பத்தில் பல் தெரிய எடுத்த முதல் கல்யாணப் படம் அதுதான். என்ன சொன்னாள் மருமகள் என்று கேட்டேன்.

"'அத்தை, நீங்க பேச மாட்டீங்கன்னு நெனச்சி நான் பயந்தே போயிருந்தேன்'னு சொல்லுச்சு" என்றாள் அக்கா. "ஒங்க டாக்டரம்மாகிட்ட அந்தப் படத்தைக் காட்டு."

மூன்று பேரும் சிரித்தோம். அக்காவின் கை வாய்க்குப் போனது. என் கையும் போனது. மூன்றாவது சின்னக் கட்டத்தில், கம்பி போட்டு வரிசையாக்கிய வெள்ளைப் பல்லை வைத்துக்கொண்டு, ஒரு சொத்தையும் இல்லாத என் மகள், கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் எப்போதும் அப்படித்தான் சிரித்திருக்கிறாள். எனக்குத்தான் அது கண்ணில் படவே இல்லை.

அக்காவும் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது. "நீ எதுக்குடி மூடுற?" என்று கேட்டாள். திவ்யா விழித்தாள். தான் மூடியிருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"இங்க பாரு புள்ள" என்று சொல்லி, அக்கா தன் கையை முதலில் கீழே இறக்கினாள். திவ்யா பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டே தன் கையை எடுத்தாள். கடைசியாக நானும் எடுத்தேன்.